ரோபோ நிமிர்த்திய காலைத் தலையணை மடக்கலாமா?

வாசகர் கேள்விகளுக்கு எலும்பு மூட்டு மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையையும் அதில் இப்போது பயன்படும் ரோபோவையும் பற்றியவை என்பதால், அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்துப் பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

மந்தைவெளி வாசகி: எனக்கு வயது 67. இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, கால்கள் வில்போல வளைந்துவிட்டன. மூட்டு மாற்று சிகிச்சையை ரோபோ மூலம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். உள்ளே வெட்டுவது மருத்துவரா, இயந்திரமா? நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்றுகூடக் கவலையாக இருக்கிறது. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள், டாக்டர்.

சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை, அம்மா. அறுவை அரங்குக்குள் போகப்போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். தோலைத் திறப்பது, மூட்டை வெளிப்படுத்துவது, தசைநார்களுக்குக் காயம் படாமல் காப்பது, செயற்கை மூட்டைப் பொருத்துவது, தையல் போட்டு மூடுவது எல்லாவற்றையும் மருத்துவரே செய்கிறார். எலும்பின் தேய்ந்த முனைகளைச் சீவி, புதிய மூட்டு சரியாக உட்காரத் தளம் அமைக்கும் அந்த ஒரு கட்டத்தில்தான் ரோபோவின் கை அருகே வருகிறது. அப்போதும் பெரும்பாலான கருவிகளில் ரம்பத்தை இயக்குவது மருத்துவரின் கைதான்.

பழைய முறையில், தொடை எலும்பின் நடுவே உள்ள மஜ்ஜைக் குழாயில் நீண்ட கம்பி ஒன்றைச் செலுத்தி, அதை அச்சாகக் கொண்டு ஜிக் எனப்படும் உலோகச் சட்டங்களை எலும்பின்மேல் பொருத்தி, அவற்றின் பிளவு வழியே ரம்பத்தை ஓட்டுகிறோம். உலகெங்கும் எத்தனையோ பேரை வலியில்லாமல் நடக்க வைத்த முறை அது; அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சட்டங்கள் பொதுவான ஒரு சராசரிச் சாய்வை நம்பி வைக்கப்படுபவை. உங்களைப் போலக் கால் வளைந்தவர்களுக்கும், முன்பு எலும்பு முறிந்து கோணலாகக் கூடியவர்களுக்கும், தொடை எலும்புக்குள் ஏற்கெனவே கம்பியோ தகடோ வைத்திருப்பவர்களுக்கும் அந்தச் சராசரி பொருந்தாமல் போகக்கூடும்.

ரோபோ முறையில் உங்கள் எலும்பையே அளந்து திட்டமிடுகிறோம். மேக்கோ போன்ற கருவிகளுக்கு முன்கூட்டியே காலின் சிடி ஸ்கேன் தேவை. கோரி போன்ற வேறு சில, ஸ்கேன் இல்லாமலேயே, மூட்டைத் திறந்த பிறகு எலும்பின் மேற்பரப்பை ஒரு கூர்முனையால் தடவி அதன் வடிவத்தைத் திரையில் வரைந்துகொள்கின்றன. இரண்டு வகையிலும் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் மெல்லிய ஆணிகளைச் செலுத்தி, அவற்றின்மேல் அடையாளக் குமிழ்களைப் பொருத்துகிறோம். அகச்சிவப்புக் கேமரா அந்தக் குமிழ்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், கால் எப்படி அசைந்தாலும் எலும்பு இருக்கும் இடம் கணத்துக்குக் கணம் திரையில் தெரிகிறது.

அதற்கு அடுத்த கட்டத்தைத்தான் இந்த முறையின் உண்மையான பலனாக நான் மதிக்கிறேன். எலும்பை வெட்டுவதற்கு முன்பே, காலை நீட்டியும் மடக்கியும் இருபுறத் தசைநார்களையும் இழுத்துப் பார்த்து, மூட்டின் உட்புறம் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது, வெளிப்புறம் எத்தனை இருக்கிறது என்பதை எண்ணாகவே பார்க்க முடிகிறது. திட்டத்தை அரை மில்லிமீட்டர், அரை டிகிரி என்ற நுண்மையில் அங்கேயே திருத்தலாம். வில்போல வளைந்த காலில் உட்புறத் தசைநார் சுருங்கி, வெளிப்புறத் தசைநார் தளர்ந்திருக்கும். பழைய முறையில் இறுக்கமான பக்கத்தைக் கீறித் தளர்த்திச் சமன்செய்வது வழக்கம். எண்கள் கையில் இருந்தால், பல கால்களில் எலும்பு வெட்டைச் சற்றே மாற்றி அமைத்தே அந்தச் சமநிலையைப் பெற்றுவிடலாம். கீறப்படும் தசைநார் குறையக் குறைய, பின்னால் வரும் வீக்கமும் வலியும் குறைகின்றன. மேக்கோ வகைக் கருவிகளில், திட்டமிட்ட எல்லையை ரம்பம் தாண்ட முயன்றால் ரோபோவின் கை அதைத் தடுத்து நிறுத்திவிடும். முழங்காலின் பின்புறம் பெரிய இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதால் அந்தத் தடை ஒரு நல்ல காவல்.

மின்சாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அறுவை அரங்குகளுக்கு மாற்று மின்வசதி எப்போதும் உண்டு. கருவியே பழுதானாலும் அதை ஓரமாக நகர்த்திவிட்டுப் பழைய சட்டங்களைக் கொண்டு அறுவையை முடித்துவிடலாம். அதற்காகவே அந்தச் சட்டங்களையும் கிருமி நீக்கித் தயாராக வைக்கிறோம். ஆகவே ரோபோ இல்லாமலும் இந்த அறுவையை நன்றாகச் செய்யத் தெரிந்தவரிடம் ரோபோவுடன் செய்துகொள்ளுங்கள். ‘பழைய முறையில் எத்தனை ஆண்டு அனுபவம்?’ என்று மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. ஆணி போட்ட இடத்தில் சிறு தழும்பு இருக்கும். மிக அரிதாக அந்தத் துளை வழியே எலும்பு முறிவது உண்டு என்பதால், அறுவைக்குப் பின் தொடையிலோ கீழ்க்காலிலோ அந்த இடத்தில் மட்டும் புதிதாகக் கடும் வலி வந்தால் உடனே தெரிவியுங்கள்.

அம்பத்தூர் வாசகர்: என் மைத்துனர் ரோபோ ஆபரேஷன் முடிந்த அன்று மாலையே வாக்கர் பிடித்து நடந்தார். பல ஆண்டுகளுக்கு முன் பழைய முறையில் செய்துகொண்ட என் அண்ணி மூன்றாம் நாள்தான் எழுந்தார். இந்த வேறுபாடு ரோபோவால் வந்ததுதானே?

ஓரளவு ரோபோவால், பெருமளவு வேறு காரணங்களால். உங்கள் அண்ணிக்கு அறுவை நடந்த காலத்துக்கும் இன்றைக்கும் இடையில் மயக்க மருந்து கொடுக்கும் முறையும் வலியை அடக்கும் முறையும் முற்றிலும் மாறிவிட்டன. டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் முன்வைத்த விரைவு மீட்சி முறைதான் இதற்கு அடிப்படை. நோயாளியை நீண்ட நேரம் பட்டினி போடாமல் இருப்பது, முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசி, தொடைத் தசையின் வலுவைப் பெரிதாகக் குறைக்காமல் முழங்காலின் வலியை மட்டும் மரக்கச் செய்யும் நரம்பு ஊசி, மூட்டைச் சுற்றியே செலுத்தப்படும் வலி மருந்து, இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஆகியவை இன்று பழைய முறை அறுவையிலும் உண்டு. ரோபோ இல்லாமல் செய்துகொண்டவர்களும் இப்போது அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நடக்கிறார்கள்.

அப்படியானால் ரோபோவின் பங்கு என்ன? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பழைய முறையில் 40 பேருக்கும் ரோபோ முறையில் 40 பேருக்கும் முழு மூட்டு மாற்று செய்து ஒப்பிட்டார்கள். ரோபோ முறையில் செய்துகொண்டவர்களுக்கு முதல் நாள்களில் வலி குறைவாக இருந்தது. படுத்தபடி காலை நேராகத் தூக்குவது அவர்களுக்கு முன்னதாகவே முடிந்தது. வீடு திரும்ப மற்றவர்களுக்கு 105 மணி நேரம் ஆனபோது இவர்களுக்கு 77 மணி நேரம் ஆனது. இது நல்ல செய்திதான். ஆனால் அதில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, முதலில் ஒரு முறையையும் அடுத்து மற்றொன்றையும் செய்தார்கள் என்பதால், அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுபுறம், தென் கொரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, குறைந்தது 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், வலி, நடை, மூட்டின் ஆயுள் ஆகிய எதிலும் இரண்டு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அங்கே பயன்பட்டது ரோபோடாக் என்னும் முந்தைய தலைமுறைக் கருவி. 1992இல் அமெரிக்காவில் இடுப்பு மூட்டு அறுவைக்கு முதன்முதலாகப் பயன்பட்டது அதுவே. இன்றைய கருவிகளைப் போலத் தசைநார்ச் சமநிலையை அறுவையின்போதே அளந்து திருத்தும் வசதி அதில் இல்லை. ஆகவே அந்த முடிவை அப்படியே இன்றைக்குப் பொருத்திவிட முடியாது என்றாலும், ‘ரோபோ வைத்தால் மூட்டு அதிக நாள் உழைக்கும்’ என்று யாராவது உறுதி கூறினால் அதற்கு இன்னும் ஆதாரம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பழைய முறையில் வைத்த மூட்டுகளிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ 82, 25 ஆண்டுகள் வரை நீடிப்பதாக 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. உங்கள் அண்ணியின் மூட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

என் கருத்தைக் கேட்டால், துல்லியத்தில் ரோபோ சிறந்தது. முதல் சில வாரங்களின் வலியில் பலருக்கு உதவுகிறது. ஓராண்டுக்குப் பின் நீங்கள் எப்படி நடப்பீர்கள் என்பதை அது தனியாக முடிவு செய்வதில்லை. அதை எது முடிவு செய்கிறது என்பதை அடுத்த கடிதம் கண்முன் நிறுத்துகிறது.

குரோம்பேட்டை வாசகி: என் அம்மாவுக்கு ரோபோ முறையில் வலது முழங்கால் மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. அறுவை முடிந்ததும் கால் நேராக இருந்ததை நாங்களே பார்த்தோம். இப்போது நீட்டச் சொன்னால் முழுவதும் நீள மாட்டேன் என்கிறது. வலிக்கிறதே என்று முட்டிக்குக் கீழே ஒரு தலையணை வைத்துப் படுக்க வைக்கிறோம், அப்போதுதான் தூங்குகிறார். பயிற்சி என்றாலே அழுகிறார். பார்க்க எங்களுக்கே தாங்கவில்லை. ரோபோவில் ஏதாவது தவறு நடந்திருக்குமா?

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். அம்மாவின் வலியைக் காணச் சகிக்காமல்தான் அந்தத் தலையணையை வைத்தீர்கள். ஆனால் இன்று இரவே அதை எடுத்துவிடுங்கள்.

வீங்கிய முழங்கால் சற்றே மடங்கிய நிலையில்தான் சுகமாக இருக்கும், ஏனென்றால் உள்ளே தேங்கிய நீருக்கு அந்த நிலையில்தான் அதிக இடம் கிடைக்கிறது. அந்தச் சுகத்திலேயே இரவும் பகலும் கிடந்தால், மூட்டின் பின்புறத் திசு அந்த நீளத்திலேயே இறுகிவிடும். அறுவை அரங்கில் எத்தனை டிகிரி துல்லியமாகக் காலை நிமிர்த்தியிருந்தாலும், பத்து நாள் தலையணை அதைத் திரும்பவும் மடக்கிவிட முடியும். முழுவதும் நீளாத காலில் நிற்பது அரைகுறையாகக் குந்தியபடி நிற்பதற்குச் சமம். தொடைத் தசை ஒவ்வொரு நிமிடமும் உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சீக்கிரம் களைப்பு வரும், நொண்டல் வரும், நாளடைவில் இடுப்பும் வலிக்கும். மடக்குவதில் பத்து டிகிரி குறைந்தால் சமாளித்துக்கொள்ளலாம். நீட்டுவதில் பத்து டிகிரி குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் அது தெரியும். அதனால்தான் என் நோயாளிகளிடம் மடக்குவதைவிட நீட்டுவதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

தலையணையை முட்டிக்குக் கீழே வைக்காமல், துண்டு ஒன்றைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முட்டி அந்தரத்தில் நிற்கும். காலின் எடையே அதை மெல்லக் கீழே இழுக்கும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, பொறுக்க முடிந்த அளவு கூட்டி, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இப்படி வைக்கலாம். அதே நிலையில் தொடையின் முன்தசையை இறுக்கி, முட்டியைப் படுக்கையை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து தளர்த்தச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் அந்தத் தசை தன் வலுவில் பாதிக்கும் மேல் இழந்துவிடுகிறது. வீக்கத்தையும் வலியையும் உணர்ந்த உடல் தசையை அணைத்து வைத்துவிடுவதே காரணம். உங்கள் அம்மாவின் சோம்பலோ பயமோ மட்டும் அல்ல. ‘முயற்சியே செய்ய மாட்டேன் என்கிறாயே’ என்று அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

அழுகையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. வலி மாத்திரையைப் பயிற்சி முடிந்த பிறகு கொடுக்காமல், அரை மணி நேரத்துக்கு முன்பே கொடுங்கள். ஒரே தடவையில் முக்கால் மணி நேரம் படுத்துவதைவிட, பத்துப் பத்து நிமிடமாக ஒரு நாளில் பலமுறை செய்வது நல்லது. முடித்ததும் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி இருபது நிமிடம் வையுங்கள். மடக்குவதற்கு, நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தின் கீழ் ஒரு துணியை வைத்து, வழுக்கும் தரையில் பின்னோக்கி இழுக்கச் சொல்லுங்கள்; மொசைக் தரை இதற்கு மிகவும் உகந்தது. இரண்டு வாரத்தில் 90 டிகிரி, ஆறு வாரத்தில் 110 டிகிரி அளவுக்கு மடங்கினால் போதும். தலையணையால் வந்த இறுக்கத்தை இந்த வாரத்தில் மாற்றிவிடலாம். மூன்று மாதம் கழித்தால் கடினம். ஆறேழு வாரம் கடந்தும் 90 டிகிரிகூட மடங்கவில்லை என்றால், மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்துத் தளர்த்தும் ஒரு வழி இருக்கிறது. அதையும் முதல் மூன்று மாதங்களுக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொல்லி உறவினர்கள் வருவார்கள். காயத்தின்மேல் எண்ணெயோ பற்றோ படக் கூடாது. கெண்டைக்காலை அழுத்தி நீவவே கூடாது, ஏனென்றால் அறுவைக்குப் பின் அங்கே இரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காயத்தில் கசிவோ குளிர்காய்ச்சலோ வந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ரோபோவில் தவறு நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் அறுவை செய்த மருத்துவரிடம் இந்த வாரமே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வேளச்சேரி வாசகர்: வயது 56. முட்டியின் உட்புறம் மட்டும் தேய்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். முழு மூட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வெளிப்புறமும் முழங்கால் சில்லின் பகுதியும் நன்றாக இருந்து, மூட்டுக்குள்ளே எலும்புகளைப் பிணைக்கும் முன்புறச் சிலுவைத் தசைநாரும் வலுவாக இருந்தால், உட்புறத்தை மட்டும் மாற்றும் பகுதி மூட்டு மாற்று உங்களுக்குப் பொருந்தலாம். எலும்பிழப்பு குறைவு, முழங்கால் இயற்கையாக இருப்பதாகவே பலர் உணர்கிறார்கள். ஆனால் இடம் சிறியது என்பதால் சிறு பிழையையும் அது பொறுக்காது. ஆகவே ரோபோவின் துல்லியம் இங்கே அதிகம் பயன்படுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வில், ரோபோ முறையில் மூட்டு திட்டமிட்ட கோணத்தில் அமைந்தவர்கள் கணிசமாக அதிகம்; முதல் எட்டு வாரங்களில் அவர்களுக்கு வலியும் குறைவு. ஓராண்டு முடிவில் வலியைப் பொறுத்தவரை இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகிவிட்டார்கள். பகுதி மாற்று செய்துகொண்டால், பின்னாளில் மற்றப் பகுதியும் தேய்ந்து முழு மாற்று தேவைப்படும் வாய்ப்பு முழு மாற்றைவிடச் சற்று அதிகம் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பெரம்பூர் வாசகர்: செயற்கை மூட்டின் விலையை அரசு கட்டுப்படுத்தியிருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் ரோபோ என்றதும் கட்டணம் இவ்வளவு உயர்கிறது? காப்பீடு இதை ஏற்குமா?

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என்று அப்போது நிர்ணயிக்கப்பட்டது. அந்த உச்ச விலை உள்ளே வைக்கும் மூட்டுக்கு மட்டுமே உரியது. ரோபோவின் பயன்பாட்டுக் கட்டணம், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியப்படும் ஆணிகள், உறைகள், சிடி ஸ்கேன் ஆகியவை அதற்கு வெளியே நிற்கின்றன. அவை ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அனுமதிக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மூட்டின் பெட்டியில் உள்ள விலைச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட நெறிமுறைகளில் ரோபோ அறுவையையும் நவீன சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதை நிறுவனம் முற்றாக மறுக்க முடியாது. ஆனால் அதற்கென்று தனி உச்ச வரம்பு வைக்கலாம். பலர் ஏமாற்றம் அடைவது அங்கேதான். உங்கள் பாலிசியில் ‘நவீன சிகிச்சைகள்’ என்ற பகுதியைத் தேடி அந்த வரம்பைப் பாருங்கள். பாலிசி எடுத்த பிறகு, மூட்டு மாற்றுக்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலமும் இருக்கலாம். 2024 முதல் அது மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

மிச்சத்தை எங்கிருந்து திரட்டுவது என்ற கவலை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ரோபோவுக்காகக் கடன் வாங்காதீர்கள். கூடுதல் பணம் கையில் இருந்து, அதை ரோபோவுக்குச் செலவழிப்பதா, வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் நல்ல பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஆறு வாரம் செலவழிப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், கால் அதிகம் வளையாத சாதாரணத் தேய்மானத்துக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

வியாசர்பாடி வாசகி: ஓமந்தூரார் தோட்ட அரசு மருத்துவமனையில் ரோபோ இருக்கிறதாமே, அங்கே முட்டிக்குச் செய்வார்களா?

ஓமந்தூரார் தோட்டத்தில் உள்ள அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022இல் தொடங்கப்பட்டது வயிறு, சிறுநீரகப் பாதை போன்ற உள்ளுறுப்புகளின் அறுவைக்கான ரோபோ. பெயர் ஒன்று என்றாலும் எலும்பு சீவும் ரோபோ வேறு கருவி. ஆனால் அரசு மருத்துவமனையில் மூட்டு மாற்று கிடைக்காது என்று இதற்குப் பொருள் அல்ல. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைகளின் எலும்பியல் துறைகளில் முழங்கால் மாற்று செய்யப்படுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அட்டையையும் பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். அங்கே பழைய முறையில் செய்துகொள்வதால் நாளடைவில் உங்களுக்கு எதுவும் குறைந்துவிடாது என்பதை மேலே எழுதிய ஆய்வுகளை வைத்தே சொல்கிறேன்.

திருவொற்றியூர் வாசகர்: என் மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது. இரண்டு முட்டிகளையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் ஒரே வலியோடு போய்விடும் என்கிறார். செய்யலாமா?

முதலில் அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (HbA1c என்னும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள். அது 7.5 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் அறுவையை வைத்துக்கொள்வது நல்லது. செயற்கை மூட்டில் கிருமித் தொற்று வந்துவிட்டால் அதைக் கழற்றி மீண்டும் வைக்க வேண்டிய நிலைகூட ஏற்படலாம். எந்த ரோபோவும் அதைத் தடுக்காது. சொத்தைப் பல், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, பித்தவெடிப்பு, கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆகியவற்றை அறுவைக்கு முன்பே குணப்படுத்துங்கள். வெறுங்காலோடு வீட்டு வேலை செய்யும் நம் பெண்களின் பாதங்களில் பித்தவெடிப்பைப் பெரும்பாலோர் நோயாகவே நினைப்பதில்லை. நான் அதைப் பார்க்காமல் தேதி கொடுப்பதில்லை.

இரண்டையும் ஒரே நாளில் மாற்றுவது, இதயமும் நுரையீரலும் உறுதியாக உள்ளவர்களுக்கு மட்டுமே உகந்தது. இரத்த இழப்பும் இரத்தம் உறையும் அபாயமும் கூடும். ஊன்றி நிற்க நல்ல கால் ஒன்றுகூட இருக்காது. சர்க்கரையோடு 65 வயதைத் தாண்டியவராக இருந்தால், ஒரு காலை முடித்து மூன்று மாதம் கழித்து மற்றதைச் செய்வதையே நான் விரும்புகிறேன். நீங்கள் மூன்றாவது மாடியில், லிப்ட் இல்லாத குடியிருப்பில் இருப்பதாக எழுதியிருப்பதால் இன்னொன்று: படி ஏறும்போது நல்ல கால் முதலில் போக வேண்டும், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் போக வேண்டும். இதை மருத்துவமனையிலேயே பழகிக்கொண்டு வீடு திரும்பச் சொல்லுங்கள்.

நங்கநல்லூர் வாசகி: அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. நன்றாக நடக்கிறேன். ஆனால் தழும்பின் வெளிப்புறம் மரத்துப் போயிருக்கிறது; தொட்டால் முட்டி சூடாக இருக்கிறது; சில சமயம் ‘டக்’ என்று சத்தம் கேட்கிறது.

தோலைக் கீறும்போது ஒரு சிறு உணர்வு நரம்பின் கிளை அறுபடுவதால் அந்த மரப்பு வருகிறது. அது நாளடைவில் சுருங்கும். சிறு பகுதி நிலையாகவே மரத்திருக்கலாம். சூடு ஆறு மாதத்துக்கும் மேலாக இருக்கலாம். வலியோ சிவப்போ காய்ச்சலோ இல்லாதவரை பயப்பட வேண்டாம். சத்தம் உலோகமும் அதன்மேல் உள்ள பிளாஸ்டிக் தட்டும் தொட்டுக்கொள்வதால் வருவது.

திருவல்லிக்கேணி வாசகி: அறுவைக்குப் பிறகு தரையில் உட்கார முடியுமா? பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவுக்குப் போவதை நான் இதுவரை விட்டதில்லை.

ஆழமாக மடக்கும் மூட்டு வைத்தாலும், ரோபோவால் வைத்தாலும், சம்மணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். அந்த நிலையில் பிளாஸ்டிக் தட்டின் ஓரத்தில் அழுத்தம் கூடி அது சீக்கிரம் தேயக்கூடும். வீட்டில் மேற்கத்திய கழிப்பறை இல்லை என்றால், அறுவைக்கு முன்பே அமைத்துவிடுங்கள் அல்லது மேலே வைக்கும் நாற்காலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மண்டியிடுவதால் மூட்டுக்குச் சேதம் இல்லை, ஆனால் தழும்பு உறுத்தும். சாப்பிடவும் பூஜை செய்யவும் உயரமான ஆசனம் போதும்.

திருவிழாவுக்கு நீங்கள் தாராளமாகப் போகலாம். அறுவையை ஐப்பசிக்குள் முடித்துக்கொண்டால் பங்குனிக்குள் நான்கைந்து மாதம் கிடைக்கும். அதற்குள் பெரும்பாலோர் கைத்தடி இல்லாமல் ஒரு மணி நேரம் நடக்கிறார்கள். கூட்டத்தில் இடிபடாமல் இருக்க மாட வீதியில் முன்கூட்டியே ஓரமாக இடம் பார்த்துக்கொண்டு, பேரனிடம் மடக்கு நாற்காலி ஒன்றைக் கொடுத்து அழைத்துப் போங்கள்.